டைப்: வகை அல்ல, வாகு

சயாமீஸ் பூனை வளர்ப்பவர்கள் பேச்சில் 'ட்ரெடிஷனல் டைப்', 'மாடர்ன் டைப்' என்ற இரண்டு சொற்கள் அடிக்கடி வரும். தமிழில் எழுத உட்கார்ந்தால் சட்டென்று கைக்குக் கிடைப்பது 'வகை'. பாரம்பரிய வகை, நவீன வகை என்று எழுதிவிடுகிறோம். படிப்பவரோ இரண்டும் வேறு வேறு இனம் என்று நினைத்துக்கொள்கிறார்.

கிரேக்கத்தில் 'துபோஸ்' என்றால் அடி. அடித்ததில் பதிந்த தடம். அச்சகத்து எழுத்துக்கு டைப் என்று பெயர் வந்ததும் அப்படித்தான். நாமும் குழந்தையைப் பார்த்து 'அச்சு அசல் அப்பனேதான்' என்கிறோம் இல்லையா? பூனைக் கண்காட்சி நடுவர்கள் சொல்லும் டைப்பும் ஏறக்குறைய அதுதான். நிறத்தை ஒதுக்கிவிட்டு, தலை, காது, உடம்பு, கால், வால் எந்த வார்ப்பில் இருக்கின்றன என்று பார்ப்பது. இதற்கு நம்மிடம் தயாராகவே ஒரு சொல் இருக்கிறது: உடல்வாகு. இனம் ஒன்று, வாகு இரண்டு.

சயாம் நாட்டுப் பூனை இங்கிலாந்துக்குப் போன கதையில் 1884 முக்கியமான வருடம். பாங்காக்கில் பிரிட்டிஷ் தூதரக அதிகாரியாக இருந்த எட்வர்ட் பிளென்கோ கூல்டு தன் சகோதரிக்காக ஒரு ஜோடியைக் கொண்டுபோனார். போ, மியா என்று பெயர். அந்தக் காலத்துச் சயாமீஸ் பூனைகளின் படங்களைப் பார்த்தால், சற்றே உருண்டையான தலை, ஓரளவு கட்டான உடம்பு. 1950-களுக்குப் பிறகு வளர்ப்பவர்களுக்கும் நடுவர்களுக்கும் ஒல்லி மீது மோகம் வந்தது. நீளம், இன்னும் நீளம் என்று பார்த்துப் பார்த்து இணை சேர்த்ததில், 1980-களின் நடுவில் பழைய உடல்வாகு கண்காட்சிகளில் அநேகமாகக் காணாமல் போனது.

புதிய தலையை ஆங்கிலத்தில் 'வெட்ஜ்' என்பார்கள். நம் ஆப்புதான். மூக்கு நுனியில் விரலை வைத்து, கன்னத்தில் எங்கும் பள்ளம் மேடு தட்டாமல் காது நுனி வரை நேராக இழுக்கலாம். இரண்டு பக்கமும் இழுத்தால் ஒரு முக்கோணம். பழைய தலைக்கு 'ஆப்பிள் ஹெட்' என்று செல்லப்பெயர். ஆப்பிள் தலை, ஆப்புத் தலை என்று எதுகையோடு பொருந்தும் வசதி ஆங்கிலத்துக்கு இல்லை!

நீலக் கண்ணும், முகம், காது, கால், வாலில் மட்டும் ஏறும் கருமையும் இரண்டு வாகுக்கும் பொது. உடம்புச் சூடு குறைந்த இடங்களில்தான் அந்தக் கருமை வரும். தாய் வயிற்றுச் சூட்டிலிருந்து வருகிற குட்டி வெளுப்பாகவே பிறக்கும். 'பாயிண்ட்' என்கிற இதை 'முனைநிறம்' எனலாம்.

சரி, ட்ரெடிஷனலுக்கு என்ன சொல்வது? 'மரபு' எனக்கு ஒத்துவரவில்லை. மரபணு, மரபியல் என்று பேசுகிற அதே பக்கத்தில் 'மரபுச் சயாமீஸ்' என்றால் குழப்பம்தான் மிஞ்சும். பழவாகு, புதுவாகு போதும்.

அப்புறம், பூனை விற்பனை விளம்பரங்களில் வம்சாவளியைக் குறிக்க வரும் 'பெடிகிரி'. பழைய பிரெஞ்சில் அது 'கொக்கின் கால்'. வம்சாவளிப் பட்டியலில் கிளை பிரித்துப் போட்ட கோடு கொக்கின் பாதம்போல இருந்ததால் வந்த பெயர். தமிழில் வம்சத்துக்குக் 'கால்வழி' என்றொரு சொல் உண்டு. இரண்டிலும் கால் வந்தது தற்செயல்தான். ஆனாலும் இவ்வளவு பொருத்தமான சொல்லை விட மனமில்லை.

ஒரு சிக்கல் மட்டும் பாக்கி. பழவாகுப் பூனைகளை 1990-ல் பூனை இனங்களைப் பதிவுசெய்யும் அமைப்பான வேர்ல்ட் கேட் ஃபெடரேஷன் 'தாய்' என்ற பெயரில் தனி இனமாகவே ஏற்றுக்கொண்டது. சயாம்தான் 1939-ல் தாய்லாந்து ஆகிவிட்டதே. அந்தப் பதிவேட்டைப் பற்றி எழுதும்போது மட்டும் வாகு என்று சொல்ல முடியாது, இனம்தான். ஆனால் பெயரை அப்படியே தமிழில் எடுத்து 'தாய்ப் பூனை விற்பனைக்கு' என்று போட்டால், குட்டிகளை என்ன செய்தீர்கள் என்றுதான் முதல் ஆள் கேட்பார். தாய்லாந்துப் பூனை என்று முழுசாகவே எழுதிவிடுங்கள்.