எண்ணெய்க் கசட்டைப் பிரித்தெடுக்கும் மீயொலி

ராமநாதபுரம் அரண்மனையைச் சுற்றியுள்ள கடைத்தெருவில் தாலிச்சங்கிலியைக் கழுவக் கொடுத்தவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். டிபன் பாக்ஸ் அளவிலான எஃகுத் தொட்டியில் சோப்பு கலந்த நீர் இருக்கும். சங்கிலியை அதில் போட்டு ஸ்விட்சைத் தட்டியதும் மெல்லிய இரைச்சல் எழும். கண்ணிகளின் இடுக்குகளிலிருந்து மஞ்சளும் எண்ணெய்ப் பிசுக்கும் புகை போலக் கிளம்பி வரும். யாரும் பிரஷ் கொண்டு தேய்ப்பதில்லை. முத்து பதித்த நகையை மட்டும் அதில் போட மாட்டார்கள், ஏனென்றால் முத்தின் மெல்லிய பளபளப்பு அடுக்கை அது கெடுத்துவிடும். நம் காதுக்கு எட்டாத, நொடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட மீயொலி செய்யும் வேலை இது. இதே ஒலியைக் கூடுதல் ஆற்றலுடன் செலுத்தி, பெட்ரோலியத் தொட்டிகளின் அடியில் படியும் கருங்கசட்டிலிருந்து எண்ணெயை மீட்க முடியும்.

அந்தக் கசடு வெறும் சேறு அன்று. அது ஒரு பால்மம். கச்சா எண்ணெயில் நுண்ணிய நீர்த்துளிகள் சிதறிக் கிடக்க, ஒவ்வொரு துளியையும் அஸ்பால்டீன், பிசின் ஆகிய கனமான மூலக்கூறுகள் தோல் போலப் போர்த்தியிருக்கும். மெழுகும் துருவும் நுண்மணலும் அந்தத் தோலை மேலும் உறுதியாக்குவதால், அருகருகே வந்தாலும் துளிகள் ஒன்றுசேர்வதில்லை. நீரைவிட நூறு மடங்கு பிசுபிசுப்பும் பத்தில் ஒரு பங்கு குறைந்த அடர்த்தியும் கொண்ட எண்ணெயில், 10 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள நீர்த்துளி ஒரு மீட்டர் கீழிறங்க ஏறத்தாழ ஏழு மாதம் ஆகும். அப்படிப்பட்ட ஆயிரம் துளிகள் சேர்ந்து 100 மைக்ரோமீட்டர் துளியானால், அதே தொலைவுக்கு இரண்டே நாள் போதும், ஏனெனில் இறங்கும் வேகம் விட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆகவே துளிகளைச் சேர்த்து வைப்பதுதான் முழு வேலையும்.

இது நம் ராமநாதபுரம் கரைக்கு ஏன் முக்கியம் என்றால், இங்குள்ள மண் அப்படிப்பட்டது. கசடு பெருமளவில் சேர்வது மணலியில் இருப்பது போன்ற சுத்திகரிப்பு ஆலைகளில்தான். ராமநாதபுரம் மாவட்டத்தில் உள்ளவை பெரும்பாலும் எரிவாயுக் கிணறுகள், வழுதூர் மின்நிலையம் ஓடுவதும் எரிவாயுவில்தான். ஆனால் கடற்கரை மணலில் ஊற்றுத் தோண்டி அகப்பையால் இறைத்துக் குடிக்கும் நல்ல தண்ணீர், உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதப்பது. எண்ணெய்க் கழிவு சிறிதளவு அந்த மணலில் இறங்கினாலும் ஊற்று கெட்டுவிடும். அப்பால் 1986 முதல் தேசியப் பூங்காவாகக் காக்கப்படும் மன்னார் வளைகுடாவின் தீவுகளும், அவற்றைச் சுற்றிய பவளப்பாறைகளும் கடற்புற்களும் இருக்கின்றன.

இனி ஒலியின் வேலைக்கு வருவோம். சில படிகங்களை அழுத்தினால் மின்னூட்டம் தோன்றுவதை கியூரி சகோதரர்கள் 1880-இல் கண்டார்கள். அதைத் தலைகீழாக்கி, மாறுமின்னழுத்தம் கொடுத்தால் படிகம் அதிரும். அதுவே மீயொலியின் ஊற்றுக்கண். மிதமான ஆற்றலில், எதிரொலித்துத் திரும்பும் அலையோடு புறப்படும் அலை சேர்ந்து நிலையான அலையாகிறது. எண்ணெயில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1,400 மீட்டர் என்பதால், 20,000 ஹெர்ட்ஸில் மூன்றரை சென்டிமீட்டருக்கு ஒரு கணு அமையும். அங்கே அழுத்தம் ஏறியிறங்குவதில்லை. எண்ணெயைவிட அடர்த்தியான, எளிதில் அமுங்காத நீர்த்துளிகள் அந்த இடங்களுக்குத் தள்ளப்பட்டு, மோதி, தோல் கிழிந்து ஒன்றாகின்றன.

ஆற்றலைக் கூட்டினால் நடப்பது வேறு. அழுத்தம் தாழும் கணத்தில் திரவத்தில் நுண்குமிழிகள் பிறந்து, அழுத்தம் உயரும் கணத்தில் நொறுங்கும். நொறுங்கும் புள்ளியில் வெப்பநிலை சில ஆயிரம் பாகை செல்சியஸைத் தொடும். இத்தகைய வெற்றிடம் நொறுங்கும்போது எழும் அழுத்தத்தை ராலே பிரபு 1917-இலேயே கணக்கிட்டார். திடப்பொருளை ஒட்டி நொறுங்கும் குமிழி சமச்சீர் இழந்து, அந்தப் பரப்பை நோக்கி ஊசி போன்ற நீர்ப்பீச்சலை நொடிக்கு நூறு மீட்டர் அளவு வேகத்தில் பாய்ச்சும். தாலிச்சங்கிலியின் அழுக்கைக் கிளப்பியதும், கசட்டின் மணல்துகளில் ஒட்டிய எண்ணெயை உரிப்பதும் இதுவே. கரையேற்றிய விசைப்படகின் புரொப்பல்லரில் காணும் பொடிக்குழிகளுக்கும் குமிழிகளின் இந்தத் தாக்குதல் ஒரு காரணம்.

இந்த இடத்தில்தான் கவனம் வேண்டும். மணலிலிருந்து எண்ணெயை உரிக்கும் அதே வன்மை, சேர்ந்த துளிகளை மீண்டும் பொடியாக்கிப் பழையதைவிட இறுகிய பால்மமாக மாற்றிவிடும். வெண்ணெய் திரளும் நேரத்தில் தாழி உடைந்த கதைதான். ஆகவே ஆற்றல், நேரம், வெப்பநிலை மூன்றையும் ஒவ்வொரு கசட்டுக்கும் தனியே சோதித்து முடிவு செய்ய வேண்டும், நிறுத்த வேண்டிய நேரத்தில் நிறுத்தவும் வேண்டும். இன்னொரு தடை, ஒலியைச் செலுத்தும் அதிர்வுமுனையைச் சூழும் குமிழிக்கூட்டமே ஒலியை மறைப்பதால் வன்மையான பகுதி சில சென்டிமீட்டருக்கு மேல் நீள்வதில்லை. அதனால் பெரிய தொட்டியில் முனையை அமிழ்த்துவதைவிடக் கசட்டைச் சூடாக்கி, குறுகிய அறை வழியாகப் பம்ப் செய்வதே நல்லது. டைட்டானியத்தால் செய்த முனையும் நாளடைவில் அரித்துப்போகும்.

கடலில் கொட்டிய எண்ணெயை இம்முறையில் நீக்க முடியாது. திறந்த நீரில் ஆற்றல் சிதறிப்போவதோடு, ஏறத்தாழ 1,50,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் ஓங்கில்களுக்கு (டால்பின்களுக்கு) அது பெருந்துன்பமாகும். தொட்டிக்குள் செய்தாலும் கழிவு முற்றிலும் மறையாது: பிரிந்த நீரிலும் மணலிலும் கொஞ்சம் எண்ணெயும், வனேடியம், நிக்கல் போன்ற உலோகங்களும் தங்கும். அந்த மணலைக் கசிவு புகாத தளத்தில் பரப்பி, எண்ணெயை உண்ணும் நுண்ணுயிரிகளிடம் விட்டால் மிஞ்சிய எண்ணெய் பல மாதங்களில் குறையும். உலோகங்கள் அப்படியே இருக்கும் என்பதால் மணலைப் பாதுகாப்பாகவே அடக்க வேண்டும்.

மண்டபத்திலும் பாம்பனிலும் படகு என்ஜினுக்கு அடியில் தேங்கும் எண்ணெய் நீருக்கு இத்தனை கருவி தேவையில்லை. அங்கே நீர்தான் மிகுதி, எண்ணெய் குறைவு. சோப்புத்தூள் போட்டுக் கழுவினால் மட்டும் அதுவும் இறுகிய பால்மமாகிவிடும். சோப்பு கலக்காமல் டிரம்மில் பிடித்து அசையாமல் வைத்தால் பெரும்பகுதி எண்ணெய் தானாக மேலே வந்து நிற்கும். அதை வழித்தெடுத்துப் பழைய எண்ணெய் சேகரிப்பவரிடம் கொடுத்துவிடலாம்.