வெளிநாட்டில் அழிக்கக் கொடுத்த அணு எரிபொருள்: எடைக்கு யார் பொறுப்பு?

பழைய நகையை அழித்துப் புதிது செய்யக் கொடுக்கிறவர்கள் மூன்று விஷயத்தில் கண்ணாக இருப்பார்கள். எடை எவ்வளவு போட்டார்கள், சேதாரம் எவ்வளவு கழித்தார்கள், திரும்பி வருவது நம் தங்கம்தானா. அணு உலையில் எரிந்து முடிந்த எரிபொருளை வேறொரு நாட்டுக்கு அனுப்பி, அதிலிருக்கும் புளுட்டோனியத்தை (மறுபடி எரிபொருளாகவும் ஆகும், குண்டாகவும் ஆகும் உலோகம்) பிரித்து வாங்குகிற விவகாரத்திலும் இதே மூன்று கேள்விகள்தாம். ஆனால் இங்கே எட்டுக் கிலோ குறைந்தால், அதில் ஒரு குண்டு செய்திருக்க முடியும் என்று எடுத்துக்கொள்வார்கள். சர்வதேச அணுசக்தி முகமை, அதாவது ஐ.ஏ.இ.ஏ., வைத்திருக்கும் அளவுகோல் அதுதான்: புளுட்டோனியம் 8 கிலோ. நாகசாகியில் போட்ட குண்டில் இருந்தது சுமார் 6 கிலோ.

இந்த ஏற்பாட்டை நீண்ட காலம் பயன்படுத்திய நாடு ஜப்பான். அதை வைத்தே விதிகளைப் பார்த்துவிடலாம்.

உலையிலிருந்து வெளியே எடுக்கும் எரிபொருளில் பெரும்பகுதி யுரேனியமாகவே இருக்கும். புளுட்டோனியம் ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று. மீதி, கடும் கதிரியக்கக் கழிவு. நைட்ரிக் அமிலத்தில் கரைத்து இந்த மூன்றையும் தனித்தனியாகப் பிரிப்பதுதான் மறுபதப்படுத்தல். ஜப்பானிடம் இதற்கு இருந்தது தோக்காய் என்ற ஊரில் ஒரு சிறிய ஆலை. ரொக்காஷோவில் பெரிய ஆலையைக் கட்டத் தொடங்கியது 1993-இல். அது இன்னும் வணிக உற்பத்திக்கு வரவில்லை. ஆகவே ஜப்பானின் மின் நிறுவனங்கள் பிரான்ஸின் லா ஹாக் ஆலையோடும் இங்கிலாந்தின் செல்லாஃபீல்டு ஆலையோடும் ஒப்பந்தம் போட்டு, சுமார் 7,100 டன் எரிபொருளைக் கப்பலேற்றி அனுப்பின.

அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தின் மூன்றாம் பிரிவுப்படி, ஆயுதம் இல்லாத நாடு தன்னிடமுள்ள அணுப்பொருள் முழுவதையும் முகமையின் கண்காணிப்பில் வைத்தாக வேண்டும். ஜப்பான் 1976-இல் அதை ஏற்றது. அதன்படி போட்ட கண்காணிப்பு உடன்படிக்கையில்தான் வெளிநாட்டுக்கு அனுப்பும் நடைமுறை வருகிறது. அனுப்புவது குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் (புளுட்டோனியத்துக்கு அது ஒரு கிலோ), வணிக ஒப்பந்தம் முடிந்த பிறகு, பொட்டலம் கட்டத் தொடங்குவதற்கு வழக்கமாக இரண்டு வாரமாவது முன்னதாக முகமைக்குத் தெரிவிக்க வேண்டும். வேண்டுமானால் அவர்கள் நேரில் வந்து, அளந்து, சீல் வைப்பதற்கான அவகாசம் அது. சின்னச் சின்னதாகப் பிரித்து அனுப்பித் தப்பிக்கலாமே என்று தோன்றும். அதையும் யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள்: மூன்று மாதத்துக்குள் ஒரே நாட்டுக்குப் போனவற்றைக் கூட்டி, மொத்தம் வரம்பைத் தாண்டினாலும் அறிவிப்புக் கட்டாயம்.

வழியில் பொருள் யார் பொறுப்பு? வாங்கும் நாடு பொறுப்பை ஏற்கும்வரை அனுப்பும் நாடுதான். எந்த இடத்தில் கைமாறுகிறது என்பதை இரு நாடுகளும் பேசி முடிவு செய்துகொள்ளலாம். ஆனால் பொருள் போய்ச் சேரும் நேரத்தைத் தாண்டி அதை இழுக்க முடியாது.

அடுத்ததுதான் சிக்கலான இடம். பிரான்ஸும் பிரிட்டனும் அணு ஆயுத நாடுகள். முழுக் கண்காணிப்பு அவர்களுக்குக் கட்டாயமில்லை. தாங்களாக நீட்டும் பட்டியலிலிருந்து முகமை சில ஆலைகளைத் தேர்ந்தெடுத்துச் சோதிக்கலாம், அவ்வளவுதான். அப்படியானால் ஜப்பானின் புளுட்டோனியத்தை அங்கே யார் பார்ப்பது? ஐரோப்பாவுக்கென்று தனியாக உள்ள யூராட்டம் அமைப்பின் சோதனையாளர்கள் பார்க்கிறார்கள். 1957 ஒப்பந்தத்தின் கீழ், சிவில் பயன்பாட்டிலுள்ள அணுப்பொருளுக்கு அவர்களிடம் கணக்குக் காட்ட வேண்டும். பிரெக்ஸிட்டுக்குப் பிறகு, 2021 தொடக்கத்திலிருந்து, செல்லாஃபீல்டில் அந்த வேலையை பிரிட்டனின் சொந்த அணு ஒழுங்குமுறை அலுவலகமே செய்கிறது. இதற்கு மேல், போய்ச் சேரும் நாட்டில் பொருள் முகமையின் கண்காணிப்புக்குள் வராது என்றால், அந்த நாடு பொறுப்பேற்ற மூன்று மாதத்துக்குள் ‘வந்து சேர்ந்தது’ என்ற உறுதி முகமைக்குக் கிடைக்க அனுப்பிய நாடு வழிசெய்ய வேண்டும். ரசீது மாதிரிதான். என் பார்வையில் இந்தச் சங்கிலியின் மெலிந்த கண்ணி இதுவே. ஆயுதம் இல்லாத நாட்டின் பொருள், ஆயுதம் உள்ள நாட்டின் சொல்லை நம்பி அங்கே கிடக்கிறது.

சரி, எடை எப்படிப் போடுகிறார்கள்?

உலையிலிருந்து எடுத்த எரிபொருளை யாரும் தராசில் வைத்துப் புளுட்டோனியம் இவ்வளவு என்று சொல்ல முடியாது. பக்கத்தில் போனாலே ஆள் தாங்கமாட்டார். உலை எத்தனை நாள், எவ்வளவு சக்தியில் ஓடியது என்பதை வைத்துக் கணினியில் மதிப்பிடுகிறார்கள். ஜப்பான் அனுப்பும் கணக்கில் இருப்பது அந்த மதிப்பீடு. லா ஹாக்கில் அமிலத்தில் கரைத்து, கணக்குத் தொட்டியில் நிரப்பி, கன அளவு பார்த்து, மாதிரி எடுத்துச் சோதித்த பிறகே முதல்முறையாக உண்மை எடை தெரியும். அனுப்பியவர் சொன்னதும் வாங்கியவர் கண்டதும் எப்போதும் ஒன்றாக இராது. அந்த வித்தியாசத்துக்கென்றே கணக்கில் தனிக் கட்டம் உண்டு. ஆலைக்குள் நுழைந்தது, வெளியே வந்தது, இருப்பில் உள்ளது எல்லாவற்றையும் கூட்டிக் கழித்த பிறகும் இடிக்கும் அளவுக்கு இன்னொரு கட்டம். அதைக் ‘கணக்கில் வராதது’ என்று எழுதுவார்கள். நகைக்கடைச் சேதாரத்துக்கு அண்ணன்.

அந்தச் சேதாரம் எவ்வளவு பெரிதாகலாம் என்பதற்கு ஜப்பானின் தோக்காய் ஆலையே உதாரணம். 1977 முதல் பிரித்தெடுத்த ஏறக்குறைய 7 டன்னில் 206 கிலோ புளுட்டோனியம் கணக்கில் இடிக்கிறது என்று 2003 ஜனவரியில் அந்த நாட்டு அரசு ஒப்புக்கொண்டது. யாரும் திருடவில்லை. உலைக் கணக்கீடு கூடுதலாகக் காட்டியது ஒரு காரணம். கழிவோடு போனது ஒரு பங்கு. புளுட்டோனியத்தின் ஒரு வகை சுமார் 14 ஆண்டில் பாதியாகச் சிதைந்து அமெரிசியம் ஆகிவிடுவதைக் கழிக்காதது இன்னொரு பங்கு. திருத்திய பிறகும் 59 கிலோ மிஞ்சியது. எட்டுக் கிலோ அளவுகோலை நினைத்துக்கொண்டு இந்த எண்ணைப் பாருங்கள்.

செல்லாஃபீல்டில் நடந்தது வேறு மாதிரி. அங்குள்ள தார்ப் ஆலையில் ஒரு குழாய் முறிந்து, எரிபொருள் கரைந்த அமிலம் மாதக்கணக்கில் மூடிய அறைக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. ஏறத்தாழ 83 கன மீட்டர். அதில் சுமார் 20 டன் யுரேனியமும் 160 கிலோ புளுட்டோனியமும். கணக்கு ஒத்துவரவில்லை என்று தேடப்போய், 2005 ஏப்ரலில் கேமராவை இறக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. திரவம் அறையைத் தாண்டவில்லை, நிறுவனத்துக்கு 5 லட்சம் பவுண்டு அபராதம் விழுந்தது. கணக்குத்தான் காட்டிக்கொடுத்தது என்று மகிழலாம். இத்தனை மாதம் தாமதமாகவா என்றும் கேட்கலாம். பிரித்தெடுத்த புளுட்டோனியம் திசைமாறினால் ஒரு மாதத்துக்குள் கண்டுபிடிக்க வேண்டும் என்பது முகமை தனக்கு வைத்திருக்கும் இலக்கு. உலையிலிருந்து எடுத்து, தண்ணீர்க் குளத்தில் ஆறப்போட்டிருக்கும் பிரிக்காத எரிபொருள் என்றால் மூன்று மாதம்.

எண்ணை மட்டும் நம்ப முடியாது என்பதால்தான் சீலும் கேமராவும். முகமை பல்லாண்டு பயன்படுத்திய உலோக சீல் ஒரு நாணயத்தைவிடச் சற்றே பெரிது. இரண்டு மூடி, நடுவே கம்பியின் முடிச்சு. மூடியின் உட்புறம் ஈயப்பற்றை உருக்கித் தடவி, கண்டபடி கீறி, படம் எடுத்து வைத்துக்கொள்வார்கள். இரண்டு கீறல் ஒன்றுபோல் அமையாது. சோதனையாளர் சீலை அறுத்து, முகமையின் தலைமையகம் உள்ள வியன்னாவுக்குக் கொண்டுபோனதும், பழைய படத்தோடு ஒப்பிட்டு, அதே சீல்தானா என்று பார்ப்பார்கள். குளத்தில் மூழ்கியிருக்கும் எரிபொருளைச் சோதிக்க, அது தண்ணீரில் பரப்பும் நீல ஒளியைப் பிடிக்கும் கருவி ஒன்று உண்டு. எரிபொருளுக்குப் பதில் போலிக் கட்டு வைத்திருந்தால் அந்த ஒளி வராது.

இதெல்லாம் முகமையின் பக்கம். யுரேனியத்தைக் கொடுத்த நாட்டின் பிடி தனி. தாய்வீட்டார் போட்ட நகையை அவர்களைக் கேட்காமல் அடகு வைக்க முடியாது என்பதுபோல, அமெரிக்காவிலிருந்து வந்த யுரேனியமோ, அங்கே செறிவூட்டிய யுரேனியமோ எங்கே போனாலும், அதை மறுபதப்படுத்தவோ மூன்றாம் நாட்டுக்குக் கொடுக்கவோ அமெரிக்காவின் சம்மதம் வேண்டும். முன்பு ஒவ்வொரு கப்பலுக்கும் ஜப்பான் தனியாக விண்ணப்பித்துக்கொண்டிருந்தது. 1988-இல் அமலுக்கு வந்த உடன்படிக்கை இந்தச் சம்மதத்தை 30 ஆண்டுக்கு மொத்தமாகக் கொடுத்தது. 2018-இல் அது தானாக நீண்டது. இப்போது எந்தத் தரப்பும் ஆறு மாத அறிவிப்போடு முடித்துக்கொள்ளலாம்.

இந்தப் பிடி இறுகியதில் இந்தியாவுக்கும் பங்குண்டு. கனடா கொடுத்த உலையில், அது ஓடுவதற்கு அமெரிக்கா கொடுத்த கனநீரின் (ஒரு தனிவகை நீர்) உதவியோடு உருவான புளுட்டோனியம்தான் 1974-இல் பொக்ரானில் வெடித்தது. ‘அமைதிப் பயன்பாடு’ என்ற சொல் ஒப்பந்தத்தில் இருந்தது, சோதனையாளர் இல்லை. பிரித்தெடுத்த புளுட்டோனியம் என்றாலே ஏற்றுமதி நாடுகள் ஒன்றுக்கு இரண்டுமுறை யோசிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

திரும்பி வரும் பயணத்துக்கு விதிகள் இன்னும் கடுமை. 1992 நவம்பரில் அகாட்சுகி மாரு என்ற கப்பல் பிரான்ஸின் ஷெர்பூர் துறைமுகத்திலிருந்து சுமார் ஒன்றரை டன் புளுட்டோனியத்துடன் கிளம்பியது. அதற்குக் காவலாக ஜப்பான் கடலோரக் காவல்படை ஷிகிஷிமா என்ற கப்பலையே புதிதாகக் கட்டி அனுப்பியது. வழியிலுள்ள பல நாடுகள் எங்கள் கடல் பக்கம் வராதே என்றன. தோக்காய் போய்ச் சேர 1993 ஜனவரி ஆனது. அதன்பிறகு புளுட்டோனியத்தைத் தூளாக அனுப்பாமல், யுரேனியத்தோடு கலந்து ‘மாக்ஸ்’ எரிபொருளாகவே செய்து, பீரங்கி பொருத்திய கப்பல்களில் அனுப்புகிறார்கள். கழிவும் திரும்பித்தான் வரும். வெளிநாட்டுக் கழிவைப் பிரான்ஸ் மண்ணில் நிரந்தரமாக வைக்க அந்நாட்டுச் சட்டம் இடம் தராது. கண்ணாடியில் உருக்கி வார்த்த முதல் 28 உருளைகள் 1995-இல் ரொக்காஷோவுக்கு வந்து இறங்கின.

மூன்றாவது கேள்வி மிச்சமிருக்கிறது. வருவது நம் தங்கமா? இல்லை. பல நாட்டு எரிபொருள் கரைந்த தொட்டியில் எந்த அணு யாருடையது என்று சொல்ல வழியில்லை. கொடுத்ததற்குச் சமமான அளவும் தரமும் பெயரில் வரவாகும், நிபந்தனைகளும் அந்த வரவோடு ஒட்டிக்கொண்டு போகும். வங்கியில் போட்ட பணம் மாதிரி.

2023 முடிவில் ஜப்பானின் பெயரில் இருந்த பிரித்தெடுத்த புளுட்டோனியம் சுமார் 44.5 டன். உள்நாட்டில் இருப்பது 8.6 டன்தான். பிரான்ஸில் 14.1, பிரிட்டனில் 21.7. ஜப்பானின் அணுசக்தி ஆணையம் இந்தக் கணக்கை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. முகமைக்கும் போகிறது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். பிரிட்டனில் மாக்ஸ் ஆலை 2011-இல் மூடப்பட்டுவிட்டதால், அங்குள்ள 21.7 டன்னை எரிபொருளாக்க அந்த ஊரில் இப்போது இடமில்லை. தன் சொந்தப் புளுட்டோனியத்தை எரிபொருளாக்காமல், யாரும் எடுக்க முடியாதபடி இறுக்கிப் புதைக்கப் போவதாக 2025 ஜனவரியில் பிரிட்டன் அறிவித்தது. ஜப்பானின் பங்கு செல்லாஃபீல்டு கிடங்கில், இன்னொரு நாட்டுச் சோதனையாளர் பார்வையில், ஜப்பானின் பெயரிலேயே இருக்கிறது.