கடையில் மாட்டிய டேப்லெட்டை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

ஒரு காலணிக் கடையிலிருந்து போன் வந்தது. "திரையின் இடது ஓரத்தில் தொட்டால் வேலை செய்யவில்லை, சாஃப்ட்வேரைக் கொஞ்சம் பாருங்கள்" என்றார்கள். போய்ப் பார்த்தேன். சாஃப்ட்வேரில் ஒரு குறையும் இல்லை. டேப்லெட்டின் கண்ணாடி இடது ஓரத்தில் சட்டத்தை விட்டு எழும்பி நின்றது. நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி. உள்ளே பேட்டரி வீங்கியிருந்தது. அதன் மேல்தான் தினமும் எத்தனையோ பேர், குழந்தைகள் உட்பட, விரலால் அழுத்திக்கொண்டிருந்தார்கள். முதல் வேலையாகச் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, அழுத்தாமல் கழற்றி, தனியே எடுத்து வைத்தோம்.

கடைகளில் டேப்லெட்டுகளை விளம்பரத் திரையாகவும் பொருள் தேடும் திரையாகவும் பொருத்தித் தருவது என் தொழில். அன்றிலிருந்து எந்தக் கடைக்குப் போனாலும், எந்த மாடல் என்று பேசுவதற்கு முன்பே ஒன்று கேட்டுவிடுகிறேன்: மாட்டிய பிறகு இதை யார் பார்த்துக்கொள்வார்? பெரும்பாலும் பதில் வருவதில்லை. டிவி மாதிரி மாட்டிவிட்டால் ஓடிக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறார்கள்.

டேப்லெட் கையில் வைத்துப் பயன்படுத்துவதற்காகச் செய்த கருவி. வீட்டில் அதன் சார்ஜ் இறங்கும், ஏறும். ராத்திரி சும்மா கிடக்கும். தொடுபவர்கள் வீட்டு ஆட்கள், ஏதாவது கோளாறு என்றால் அன்றே தெரிந்துவிடும். கடைச் சுவரில் எல்லாமே வேறு. நாள் முழுக்க மின்சாரத்திலேயே இருக்கிறது, முழு வெளிச்சத்தில் எரிகிறது, முன்பின் தெரியாதவர்கள் தொடுகிறார்கள், யாரும் கவனித்துப் பார்ப்பதில்லை.

பேட்டரிக்கு இதில் என்ன ஆகிறது என்று சொல்கிறேன். லித்தியம் அயான் பேட்டரி 100 சதவீதத்தில் நிற்கும்போதுதான் அதன் மின்னழுத்தம் மிக உயரத்தில் இருக்கிறது. மாதக்கணக்கில் அதே உயரத்தில் வைத்து, கூடவே சூடும் சேர்ந்தால், உள்ளே இருக்கும் வேதிப்பொருள் மெல்லச் சிதைந்து வாயுவாகிறது. டேப்லெட் பேட்டரியின் உறை மெல்லிய பை போன்றது. வாயு வெளியேற வழியில்லாமல் பை உப்புகிறது, உப்பியது கண்ணாடியைத் தள்ளுகிறது. சூட்டுக்கு நாமே வழி செய்து கொடுத்துவிடுகிறோம் என்பதுதான் வருத்தம். திருடு போகக் கூடாதென்று காற்றுப் புகாத உலோகக் கூட்டுக்குள் அடைக்கிறோம், மேலே சுட்டெரிக்கும் விளக்கு, பக்கத்தில் வெயில் படும் கண்ணாடி. ஐபேட் போன்றவற்றைச் சுற்றுப்புறச் சூடு 35 டிகிரி செல்சியஸைத் தாண்டாத இடத்தில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள் நிறுவனம். மூடிய கூட்டுக்குள் அந்த அளவைத் தாண்டுவது பெரிய விஷயமில்லை.

வழி இருக்கிறது. சில டேப்லெட்டுகளில் சார்ஜை 80 அல்லது 85 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளும் அமைப்பு உண்டு. அது இருக்கும் மாடலாகப் பார்த்து வாங்கி, மறக்காமல் அதைப் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் சார்ஜர் செருகும் இடத்தில் ஒரு டைமர் வைத்து, நாளில் சில மணி நேரம் மட்டும் மின்சாரம் போகும்படி செய்யுங்கள். கடை மூடியதும் திரை அணைய வேண்டும். கூட்டின் பின்பக்கம் காற்றோட்டத்துக்குத் துளைகள் வேண்டும். திரை ஆண்டுக்கணக்கில் அதே இடத்தில் இருக்கப்போகிறது என்றால், பேட்டரியே இல்லாமல் கடைகளுக்கென்று செய்த தொடுதிரைகள் கிடைக்கின்றன. சிலவற்றுக்கு நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரமும் வந்துவிடும். விலை கூடுதல்தான். ஆனாலும் நான் அதைத்தான் சொல்வேன்.

வீங்கிவிட்டது என்று தெரிந்தால் அதை அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், "இன்னும் ஒரு வாரம் ஓடட்டும்" என்று மறுபடி சார்ஜ் போடாதீர்கள். தீப்பிடிக்கும் பொருள்களுக்குப் பக்கத்தில் வைக்காமல், மின்னணுக் கழிவை வாங்குபவரிடம் ஒப்படையுங்கள். குப்பைத் தொட்டியில் போடவே கூடாது.

இதற்கு நேர்மாறான புகாரும் வரும். "சார்ஜரிலேயே இருக்கிறது, ஆனாலும் சாயந்திரம் அணைந்துவிடுகிறது" என்பார்கள். பத்தில் ஒன்பது தடவை காரணம் கேபிள். போனுக்கு வந்த பழைய 5 வாட் சார்ஜரும் நீளமான மெல்லிய கேபிளும் சேர்ந்தால், முழு வெளிச்சத்தில் எரியும் 10 அங்குலத் திரை செலவழிக்கும் அளவுக்குக்கூட மின்சாரம் போய்ச் சேராது. டேப்லெட்டோடு வந்த சார்ஜரையே போடுங்கள், கேபிள் குட்டையாக இருக்கட்டும்.

அடுத்தது பூட்டு. பொருள் காட்டும் செயலியைத் திறந்து வைத்துவிட்டுப் போனால் அது பூட்டியதாகாது. ஆண்ட்ராய்டில் 2014-இல் வந்த 5.0 பதிப்பிலிருந்து திரையை ஒரே செயலியில் நிறுத்தி வைக்கும் வசதி இருக்கிறது. ஆனால் அது நண்பர் கையில் கொடுக்கும்போது போதுமானது, கடைக்குப் போதாது. எப்படி வெளியே வருவது என்பது பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். டேப்லெட்டில் உள்ளதையெல்லாம் அழித்துப் புதிதாக்கி, நிறுவனச் சாதனமாகப் பதிவு செய்து, தொலைவிலிருந்து நிர்வகிக்கும் மென்பொருளில் சேர்த்து, அதன் பிறகு ஒரே செயலியில் பூட்டுவதுதான் சரியான முறை. ஐபேடிலும் அப்படித்தான்: திரையை ஒரே செயலியில் நிறுத்தும் கைடட் ஆக்சஸ் வசதி சின்ன இடத்துக்குச் சரி, வரிசையாகப் பத்து மாட்டினால் நிர்வாகத்தில் சேர்த்து ஒற்றைச் செயலி முறையில் வையுங்கள்.

பூட்டிய பிறகும் ஓட்டைகள் இருக்கும். செயலியின் அடியில் 'தனியுரிமைக் கொள்கை' என்று ஒரு இணைப்பு இருக்கும். அதைத் தொட்டால் ஒரு இணையப் பக்கம், அங்கிருந்து இன்னொன்று, கடைசியில் ஒரு தேடல் பெட்டி. அப்புறம் உங்கள் கடைத் திரையில் என்ன தெரியும் என்பது உங்கள் கையில் இல்லை. விசைப்பலகையின் ஓரத்தில் இருக்கும் அமைப்புப் பொத்தானும் அப்படி ஒரு வாசல்தான். பொருத்தி முடித்ததும் ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் பத்து நிமிடம் கொடுத்துப் பாருங்கள். எனக்குத் தெரிந்து அதைவிட நல்ல சோதனை இல்லை.

விசைப்பலகை என்றதும் இன்னொன்றைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் கடைக்காரர்கள் யாரும் இதை யோசிப்பதில்லை. உறுப்பினர் சேர்க்கைக்காக வாடிக்கையாளர் தன் பெயர், போன் எண், மின்னஞ்சல் எல்லாம் அந்தத் திரையில் தட்டச்சு செய்கிறார். விசைப்பலகை அதைக் கற்றுக்கொள்கிறது. அடுத்து வருபவர் முதல் எழுத்தைத் தட்டியதும் முந்தையவரின் மின்னஞ்சல் முகவரி பரிந்துரையாக மேலே வந்து நிற்கிறது. இதை நானே என் கண்ணால் பார்த்திருக்கிறேன், ஒரு பெண்ணின் போன் எண் அப்படித் தெரிந்தது. நம்பிக் கொடுத்தவருக்கு நாம் செய்யும் துரோகம் அது. சொல் பரிந்துரை, தானாக நிரப்புதல், கற்றுக்கொள்ளுதல் மூன்றையும் அணைத்துவிடுங்கள். பாதியில் எழுந்து போனவரின் படிவம் திறந்தே கிடக்கக் கூடாது. 30 விநாடி யாரும் தொடவில்லை என்றால் "இன்னும் இருக்கிறீர்களா?" என்று கேட்டு, பதில் இல்லாவிட்டால் எல்லாவற்றையும் அழித்து முகப்புக்குத் திரும்பும்படி அமைக்கச் சொல்லுங்கள். முன்பக்கக் கேமரா தேவையில்லை என்றால் மென்பொருளிலேயே அணைத்துவிடுங்கள். யார் நின்று பார்க்கிறார்கள் என்று கேமராவால் எண்ணுவதாக இருந்தால், அதை அங்கேயே எழுதி வையுங்கள். 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கும் ஐரோப்பாவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர், எதற்காகத் தகவல் வாங்குகிறோம் என்பதைச் சம்பந்தப்பட்டவரிடம் சொல்லச் சொல்கிறது. சட்டம் கேட்கிறதோ இல்லையோ, சொல்வதுதான் முறை.

விலை விஷயம் சுருக்கமாக. திரையில் ஒரு விலை, பில் போடும் இடத்தில் ஒரு விலை என்றால் சண்டை நிச்சயம், திட்டு வாங்குவது கவுண்டரில் நிற்கும் பணியாளர். பில் போடும் மென்பொருளிலிருந்தே திரைக்கும் விலை வர வேண்டும். படங்களும் வீடியோக்களும் டேப்லெட்டுக்குள்ளேயே இருக்கட்டும். வைஃபை போனதும், இணையம் இல்லை என்று உலாவி காட்டும் டைனோசர் திரையில் நிற்கக் கூடாது. அந்த வைஃபையும் பில்லிங் ஓடும் வைஃபையும் தனித்தனியாக இருக்கட்டும்.

இடம்: சாதாரண டேப்லெட்டின் வெளிச்சம் பெரும்பாலும் 400, 500 நிட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவில்தான். வெயில் படும் ஜன்னலில் 2000 நிட்டுக்கு மேல் உள்ள திரை வேண்டும், ஆகவே டேப்லெட்டைக் கடைக்குள்ளே தள்ளி வையுங்கள். உயரத்துக்கு, தொடும் பொத்தான்கள் தரையிலிருந்து 122 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்ற அமெரிக்காவின் 2010 அணுகல் தரநிலையை நான் எங்கேயும் பின்பற்றுகிறேன். சக்கர நாற்காலியில் வருபவருக்கும் எட்டும். துடைக்கும்போது திரவத்தைத் திரையில் நேராகத் தெளிக்காமல், 70 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலை மென்துணியில் நனைத்து, திரையை அணைத்துவிட்டுத் துடையுங்கள்.

அந்தக் காலணிக் கடையில் இப்போது ஒரு விற்பனைப் பெண் இதற்குப் பொறுப்பு. திங்கள்தோறும் கடை திறக்கும் முன் ஆறு டேப்லெட்டுகளையும் பார்க்கிறார். கண்ணாடியின் நாலு ஓரத்திலும் விரலை ஓட்டுவார், பின்பக்கம் சூடா என்று தொட்டுப் பார்ப்பார், ஒரு பொய்ப் பெயரைத் தட்டிப் பரிந்துரை வருகிறதா என்று பார்ப்பார், தேதியோடு நோட்டில் எழுதுவார். மொத்தம் கால் மணி நேரம். நாலாவது மாதம் அவரிடமிருந்து எனக்கு ஒரு போன் வந்தது. குழந்தைகள் பகுதியில் இருக்கும் டேப்லெட்டின் கீழ் ஓரம் லேசாகத் தூக்கியிருப்பதாகவும், ஏற்கெனவே மின்சாரத்தை நிறுத்திக் கழற்றி வைத்துவிட்டதாகவும் சொன்னார்.