இரண்டு கம்பிகளின் பேச்சு

வன்பொருள் பாதுகாப்புப் போட்டிகளில் சில நேரம் ஒரு மின்சுற்றுப் பலகையைத் தருவார்கள்; சில நேரம் அதன் கம்பிகளில் ஓடிய சைகைகளின் பதிவை மட்டும் தருவார்கள். உள்ளே ஒரு ரகசியச் சொல் இருக்கும். அதை எடுக்கப் பூட்டு எதையும் உடைக்க வேண்டியதில்லை. சில்லுகள் தமக்குள் பேசிக்கொள்வதைப் பொறுமையாகக் கேட்டால் போதும்.

அந்தப் பேச்சு பெரும்பாலும் ஐ-ஸ்கொயர்-சி என்ற முறையில் நடக்கிறது. 1982-இல் பிலிப்ஸ் நிறுவனம் உருவாக்கியது இது. இரண்டே கம்பிகள்: ஒன்று கடிகாரம், மற்றது தரவு. லாஜிக் அனலைசரை (கம்பிகளின் சைகைகளைப் பதிவுசெய்து காட்டும் கருவி) இணைத்துப் பார்த்தால், ஒன்பது ஒன்பது துடிப்புகளாகச் சீராக அடிப்பதுதான் கடிகாரம்.

எனக்கு மிகவும் பிடித்த விதி இனிதான் வருகிறது. கடிகாரக் கம்பியின் மின்னழுத்தம் உயர்ந்திருக்கும்போது தரவுக் கம்பியின் மின்னழுத்தம் அசையக் கூடாது. வேண்டுமென்றே அசைந்தால் அதற்குத் தனிப் பொருள் உண்டு: இறங்கினால் பேச்சு தொடங்குகிறது, ஏறினால் முடிகிறது. தனியாக மூன்றாவது கம்பி தேவையே இல்லை. எவ்வளவு அழகான சிக்கனம்!

தொடக்கத்துக்குப் பின் வரும் ஏழு பிட்டுகள் (0 அல்லது 1 என்ற இலக்கங்கள்) 1010000 என்று வைத்துக்கொள்வோம். அது முகவரி. பழகியவர்கள் பார்த்தவுடன் 24சி02 போன்ற நினைவகச் சில்லு என்று ஊகித்துவிடுவார்கள். அதில் 256 பைட்டுகள் (எட்டு பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட்) அடங்கும். எட்டாவது பிட் 0 என்றால் எழுதுதல், 1 என்றால் படித்தல். ஒன்பதாவது துடிப்பில் சில்லு தரவுக் கம்பியைக் கீழே இழுத்து, 'கேட்டேன்' என்கிறது.

புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். படிக்க வந்த செயலி (பலகையை இயக்கும் முதன்மைச் சில்லு) ஏன் முதலில் எழுதுகிறது? எந்த இடத்திலிருந்து படிக்க வேண்டும் என்று சொல்லத்தான். இட எண்ணைச் சொன்னபின், பேச்சை முடிக்காமலே மறுபடியும் தொடக்கச் சைகை கொடுத்து, அதே முகவரியை எட்டாவது பிட் 1-ஆக அனுப்புகிறது. இப்போது சில்லு பேசுகிறது. 01010100 என்பது 84. எழுத்துகளுக்கு எண் தரும் ஆஸ்கி அட்டவணையில் அது ஆங்கில எழுத்து 'டி' (T). அடுத்து 01000001, அதாவது 65; 'ஏ' (A). இப்படியே எழுத்தெழுத்தாக ரகசியச் சொல் வெளிவருகிறது. கடைசிப் பைட்டுக்குச் செயலி 'கேட்டேன்' சொல்லாது. 'போதும்' என்பதன் அடையாளம் அது.

இந்த முறையில் கடவுச்சொல்லும் இல்லை, மறையாக்கமும் இல்லை. ஒரே பலகையில் இருக்கும் சில்லுகள் ஒன்றையொன்று நம்பும் என்ற எண்ணத்தில் பிறந்தது அது. வேறு கம்பி முறைகளிலும் இதே நம்பிக்கை உண்டு. மடிக்கணினியில் திறவுகோல்களைக் காக்கும் டிபிஎம் சில்லு, பிட்லாக்கர் வட்டுப் பூட்டின் திறவுகோலைக் கம்பியில் வெளிப்படையாக அனுப்புவதை 2019-இல் ஓர் ஆய்வாளர் பதிவுசெய்து காட்டினார். கணினி தொடங்கும்போதே பின் (PIN) என்ற ரகசிய எண்ணைக் கேட்கும்படி அமைத்திருந்தால், சரியான எண் வரும்வரை டிபிஎம் அந்தத் திறவுகோலை வெளியே விடுவதில்லை.