16 மாடிக் கப்பல் ஏன் கவிழ்வதில்லை?

சிங்கப்பூர் போய் க்ரூஸ் ஏறி வந்த வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "சாயங்காலம் கப்பல் கிளம்பினப்போ எல்லாரும் நகரம் தெரியுற பக்கமா ஓடிப்போய் போட்டோ எடுத்தாங்க சார். அத்தனை பேரும் ஒரே ஓரத்துல நின்னா கப்பல் சாயாதா? பார்த்தா அபார்ட்மென்ட் கட்டடம் மாதிரி இருக்கு, அது எப்படித் தண்ணில நிக்குது?" ஊரிலிருந்து கிளம்பும்போது அம்மா பையில் எலுமிச்சம்பழம் வைத்து அனுப்பினாராம், அதனால்தான் பத்திரமாகத் திரும்பினேன் என்று பாதி கிண்டலாக எழுதியிருக்கிறார். எலுமிச்சம்பழத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் கப்பலை நிமிர்த்தி வைத்தது அதன் அகலம். அந்தப் பாராட்டை வேறு யாரும் தட்டிக்கொண்டு போவதில் எனக்கு உடன்பாடில்லை.

சிங்கப்பூரின் மரீனா பே க்ரூஸ் சென்டர் 2012இல் திறந்தது. அங்கிருந்து மூன்று நான்கு நாள் பயணமாக பினாங்கு, போர்ட் கிளாங், புக்கெட் என்று சுற்றிக் காட்டும் கப்பல்களை இப்போது நம்மூர் டிராவல்ஸ்காரர்கள் மலேசியா பேக்கேஜோடு சேர்த்தே விற்கிறார்கள். அங்கிருந்து ஓடிய 'ஸ்பெக்ட்ரம் ஆஃப் தி சீஸ்' கப்பலை எடுத்துக்கொள்வோம். ஜெர்மனியில் கட்டப்பட்டு 2019இல் வந்தது. சுமார் 347 மீட்டர் நீளம், நீர்மட்டத்தில் 41 மீட்டர் அகலம், 16 தளங்கள். ஆனால் தண்ணீருக்குள் இருப்பது எட்டரை மீட்டர் சொச்சம்தான்! துறைமுகங்களின் ஆழம் அதற்கு மேல் இடம் கொடுக்காது. மீதி முழுக்க வெளியே நிற்கிறது. வாசகர் பயந்ததில் தப்பே இல்லை.

மிதப்பது எப்படி என்பது பள்ளிக்கூடப் பாடம். கப்பல் தன் எடைக்குச் சமமான தண்ணீரை விலக்குகிறது, அவ்வளவுதான், ஆர்க்கிமிடீஸ் கதையை மறுபடி சொல்லப் போவதில்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். விளம்பரத்தில் "1,69,000 டன் கப்பல்" என்று போடுவார்கள், அது எடை அல்ல. கப்பலின் உள்ளே இருக்கும் இடத்தின் அளவிலிருந்து சூத்திரம் போட்டுக் கணக்கிடும் எண் அது. நீளம், அகலம், ஆழத்தை வைத்து நான் தோராயமாகப் போட்ட கணக்கில் உண்மையான எடை 75,000 டன் பக்கம் வருகிறது. பெரிய கப்பல்தான், ஆனால் உள்ளே பெரும்பாலும் காற்று.

சரி, மிதக்கிறது. நிமிர்ந்து ஏன் மிதக்கிறது?

"அடியில் எஞ்சின், எண்ணெய், தண்ணீர் எல்லாம் வைத்துக் கனமாக்கிவிடுவார்கள், மேலே லேசாக இருக்கும்" என்பதுதான் எல்லோரும் சொல்லும் பதில். இது பாதி உண்மை. எஞ்சினும் எண்ணெயும் அடியில்தான் இருக்கின்றன. ஆனால் இப்படிப்பட்ட கப்பலின் ஈர்ப்பு மையம், அதாவது மொத்த எடையும் குவிந்திருப்பதாக நாம் எடுத்துக்கொள்ளும் புள்ளி, தண்ணீருக்குள் இல்லை. நீர்மட்டத்துக்குப் பல மீட்டர் மேலே இருக்கிறது. எடையின் மையம் மேலே, தாங்கும் தண்ணீர் கீழே. பார்த்தவுடன் கவிழ்ந்துவிடும் என்றுதான் தோன்றும்.

தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அடி ஒரு கோளத்தின் துண்டு. பொம்மையைச் சாய்த்தால் தரையைத் தொடும் புள்ளி சாய்ந்த பக்கமாக நகர்கிறது. தரை அந்தப் புள்ளியிலிருந்து நேர் மேலே தள்ளுகிறது, அந்தக் கோடு எப்போதும் கோளத்தின் மையம் வழியாகவே போகும். பொம்மையின் ஈர்ப்பு மையம் அந்தக் கோள மையத்துக்குக் கீழே இருந்தால் எழுந்து நிற்கும், மேலே போனால் விழும். தரைக்கு எத்தனை நெருக்கமாக இருக்கிறது என்பது தனியாக எதையும் தீர்மானிப்பதில்லை. எந்தப் புள்ளிக்குக் கீழே என்பதுதான் கேள்வி.

கப்பலிலும் இதேதான் நடக்கிறது, தரைக்குப் பதில் தண்ணீர். கப்பல் வலப்பக்கம் சாய்ந்தால் வலப்பக்கத்தில் கூடுதலாக ஒரு ஆப்பு வடிவத் துண்டு நீருக்குள் முங்குகிறது, இடப்பக்கத்தில் அதே அளவு துண்டு வெளியே வருகிறது. ஆகவே தண்ணீர் மேல்நோக்கித் தள்ளும் புள்ளி, அதாவது மிதப்பு மையம், வலப்பக்கமாக நகர்கிறது. அங்கிருந்து செங்குத்தாக ஒரு கோடு இழுத்தால் கப்பலின் நடுக்கோட்டை உயரத்தில் ஓரிடத்தில் வெட்டும். அந்த இடத்துக்குப் பெயர் மெட்டாசென்டர். சின்னச் சாய்வுகளுக்கு இது ஏறக்குறைய நகராமல் ஒரே இடத்தில் நிற்கும். பொம்மையின் கோள மையம் செய்த வேலையை இங்கே இது செய்கிறது. ஈர்ப்பு மையம் அதற்குக் கீழே இருக்கும்வரை, சாய்ந்த பக்கத்தில் தண்ணீர் தூக்க, எடை மறுபக்கத்தை அழுத்த, கப்பல் நிமிர்ந்துவிடும்.

இந்தப் புள்ளி எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்பதில்தான் எனக்குப் பிடித்த விஷயம் இருக்கிறது. அது அகலத்தின் கனத்தைப் பொறுத்தது, அதாவது அகலம் × அகலம் × அகலம். கப்பலை இரு மடங்கு அகலமாக்கினால் நிமிர்த்தும் சமாச்சாரம் 8 மடங்காகும். விலக்கும் தண்ணீரும் 2 மடங்காவதால் நிகர லாபம் 4 மடங்கு. நம் கப்பலை வெறும் பெட்டி என்று வைத்துக் கணக்குப் போடுவோம்: 41ஐ 41ஆல் பெருக்கி, 12 × 8.5ஆல் வகுத்தால் (12 சூத்திரத்தில் வரும் எண், 8.5 நீருக்குள் இருக்கும் ஆழம்) 16.5 மீட்டர். மிதப்பு மையத்துக்கு மேலே மெட்டாசென்டர் நிற்கும் உயரம் இது. மிதப்பு மையம் அடியிலிருந்து நாலு மீட்டர் சொச்சத்தில் இருக்கிறது, அதையும் கூட்டினால் மெட்டாசென்டர் கப்பலின் அடியிலிருந்து 20 மீட்டருக்கு மேலே! நிஜக் கப்பல் பெட்டி இல்லைதான், முன்னும் பின்னும் குறுகும், ஆனால் அதனால் வரும் கூட்டல் கழித்தல்கள் ஓரளவுக்கு ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். நீர்மட்டம் எட்டரை மீட்டரில் இருக்க, மெட்டாசென்டர் அதற்கும் 12 மீட்டர் மேலே நிற்கிறது. அதற்குக் கீழே ஈர்ப்பு மையத்தை வைக்க எவ்வளவு தாராளமான இடம் பாருங்கள். நீச்சல்குளம், தியேட்டர், பஃபே எல்லாவற்றையும் மேலே அடுக்கத் துணிவது இந்தத் தைரியத்தில்தான்.

இதைக் கணக்காக எழுதியவர் பியர் பூகே என்ற பிரெஞ்சுக்காரர். வேடிக்கை என்னவென்றால், அவர் கப்பல் ஆராய்ச்சிக்காகப் போன ஆள் இல்லை. 1735இல் பூமியின் வடிவத்தை அளக்க, இன்றைய எக்குவடோர் இருக்கும் ஆண்டிஸ் மலைப்பகுதிக்கு அரசுச் செலவில் அனுப்பப்பட்டவர். அங்கே இருந்த வருடங்களில் இதையும் எழுதினார், 1746இல் புத்தகமாக வந்தது. கணித மேதை ஆய்லர் தனியாக இதே பிரச்சினையைப் பிடித்து 1749இல் வெளியிட்டார். "மலையில் உட்கார்ந்துகொண்டு கப்பலைப் பற்றி எழுதவா பணம் கொடுத்தோம்" என்று கேட்கும் தணிக்கை அதிகாரி அன்றைக்கு அங்கே இல்லாதது நம் அதிர்ஷ்டம். ஆராய்ச்சிக்கு மொத்த உற்பத்தியில் 0.64 சதவீதம் மட்டும் செலவழிக்கும் நாட்டில், அந்தக் காசுக்கும் உடனே பலன் காட்டு என்று கேட்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு பூகேதான் ஞாபகம் வருகிறார். ஐஐடி மெட்ராஸின் கடல்சார் பொறியியல் துறையில் அலைத்தொட்டி வைத்து மாதிரிக் கப்பல்களைச் சோதிக்கிறார்கள். அந்த மாதிரி இடம் பத்து இருக்க வேண்டாமா?

இப்போது வாசகரின் கேள்விக்கு வருகிறேன். எல்லோரும் ஒரு பக்கம் ஓடினால் என்ன ஆகும் என்பது கப்பல் கட்டுபவர்களே வேண்டுமென்று செய்து பார்க்கும் சோதனை! ஈர்ப்பு மையம் எங்கே என்பதை வரைபடத்தில் கூட்டிக் கழித்துக் கண்டுபிடித்தாலும், ஆயிரக்கணக்கான குழாய், வயர், கட்டில் என்று சேர்ந்த பிறகு அந்தக் கணக்கை நம்ப முடியாது. அதனால் புதுக் கப்பல் முடியும் தறுவாயில், காற்றில்லாத ஒரு நாளில், கட்டியிருக்கும் கயிறுகளைத் தளர்த்திவிட்டு, வேலை இல்லாதவர்களை இறக்கிவிட்டு, எடை தெரிந்த கட்டிகளை நடுவிலிருந்து ஒரு ஓரத்துக்கு நகர்த்துவார்கள். உள்ளே நீளமான ஊசல் தொங்கும். அதன் குண்டு ஆடிக்கொண்டே இருக்கக் கூடாது என்பதற்காக எண்ணெய்த் தொட்டியில் முங்கியிருக்கும். கப்பல் ஓரிரு டிகிரி சாய, ஊசல் எத்தனை சென்டிமீட்டர் விலகியது என்று அளவுகோல் வைத்துப் படிப்பார்கள். நகர்த்திய எடை, தூரம், கப்பலின் மொத்த எடை, சாய்வு, இந்த நாலும் போதும். மெட்டாசென்டருக்கும் ஈர்ப்பு மையத்துக்கும் இடைவெளி எவ்வளவு என்று வந்துவிடும். ஆயிரக்கணக்கான கோடிகளில் விலை சொல்லும் கப்பலின் உயிர்நாடியை ஒரு கயிறும் குண்டும் அளந்து சொல்கின்றன, இதைவிட அழகான பரிசோதனையை நான் பார்த்ததில்லை.

பூகே பிறப்பதற்கு முன்பே இதைக் குருட்டாம்போக்கில் செய்து பார்த்திருக்கிறார்கள். ஸ்டாக்ஹோமில் சுவீடன் அரசருக்காக 64 பீரங்கிகளுடன் கட்டிய 'வாசா' கப்பலில், 30 மாலுமிகளை மேல்தளத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடவிட்டார்கள். கப்பல் பயங்கரமாக ஆட ஆரம்பித்ததும் அட்மிரல் நிறுத்தச் சொல்லிவிட்டார். சோதனையை நிறுத்தினார், பயணத்தை நிறுத்தவில்லை. 1628 ஆகஸ்ட் 10 அன்று கிளம்பி 1,300 மீட்டர் போவதற்குள் ஒரு காற்றுக்குச் சாய்ந்து, திறந்திருந்த பீரங்கி வாசல்களில் தண்ணீர் ஏறி, துறைமுகத்துக்குள்ளேயே மூழ்கியது. 1961இல் தூக்கி எடுத்து இப்போது அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். அரசருக்குக் கெட்ட செய்தி சொல்ல யாருக்கும் வாய் வராததுதான் காரணம் என்பது என் கருத்து.

நம் கப்பலில் 4,000 பேர் ஓரத்துக்கு ஓடட்டும். விதிகளில் ஆளுக்கு 75 கிலோ என்று வைக்கிறார்கள், ஆக 300 டன். நடுவிலிருந்து 15 மீட்டர் தள்ளி நிற்கிறார்கள். அந்த இடைவெளி, அதாவது மெட்டாசென்டருக்குக் கீழே ஈர்ப்பு மையம் இருக்கும் தூரம், இரண்டரை மீட்டர் என்று வையுங்கள், க்ரூஸ் கப்பல்களுக்கு இது நியாயமான எண். கணக்குப் போட்டால் சாய்வு ஒன்றரை டிகிரிகூட வரவில்லை. கப்பலின் ஓரம் அரை மீட்டர் இறங்கும், மறு ஓரம் அரை மீட்டர் ஏறும், செல்ஃபி எடுப்பவருக்குத் தெரியவே தெரியாது. சர்வதேச விதி இப்படிப்பட்ட கூட்ட நெரிசலில் 10 டிகிரிக்கு மேல் சாயக் கூடாது என்கிறது.

அப்படியென்றால் அந்த இடைவெளியை இன்னும் பெரிதாக்கிவிடலாமே? கூடாது. இடைவெளி அதிகமானால் கப்பல் வெடுக்கென்று நிமிரும். இரண்டரை மீட்டருக்கு ஒரு முழு ஆட்டம் சுமார் 20 விநாடி எடுக்கும், 10 மீட்டராக்கினால் அது பாதியாகிவிடும், தட்டில் இருக்கும் சாப்பாடு மடியில் இருக்கும். வேகமான ஆட்டம் கப்பலின் கட்டமைப்பையும் மனிதரையும் உலுக்கும். நிதானமாக ஆடும் அளவுக்குக் கொஞ்சம் சோம்பேறியாக, கவிழாத அளவுக்குக் கொஞ்சம் பிடிவாதமாக இருக்க வேண்டும், அந்த இடுக்கில்தான் வடிவமைப்பாளரின் சாமர்த்தியம் இருக்கிறது.

உண்மையில் பயப்பட வேண்டியது ஓடும் மனிதர்களை அல்ல, ஓடும் தண்ணீரை. மனிதர்கள் நின்ற இடத்தில் நிற்பார்கள், தளத்தில் பரவிய தண்ணீர் கப்பல் சாயச் சாய அதே பக்கம் ஓடி இன்னும் சாய்க்கும். 1987 மார்ச் 6 அன்று பெல்ஜியத்தின் ஜீப்ரூகே துறைமுகத்திலிருந்து முன்கதவை மூடாமல் கிளம்பிய 'ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்ப்ரைஸ்' கார் தளத்தில் தண்ணீர் புகுந்து சில நிமிடங்களில் கவிழ்ந்தது, 193 பேர் இறந்தார்கள். 2014இல் தென்கொரியாவின் 'செவோல்' கதை வேறு மாதிரி: மேலே கூடுதல் அறைகள், அளவுக்கு மீறிய சரக்கு, அடியில் குறைத்துவிட்ட நிலைப்படுத்தும் தண்ணீர், அப்புறம் ஒரு திருப்பம். 304 உயிர்கள். இரண்டிலும் இயற்பியல் ஒன்றும் புதுசில்லை, பேராசையும் அலட்சியமும்தான். மேல்தளத்தில் ஒரே பெரிய குளத்துக்குப் பதில் சின்னச் சின்னக் குளங்கள் இருப்பதற்கு ஓடும் தண்ணீரின் இந்தத் தொல்லையும் ஒரு காரணம். ஒரு தொட்டிக்கு நடுவில் நீளவாக்கில் சுவர் வைத்தால் ஓடும் தண்ணீரின் கெடுதல் கால்வாசியாகிவிடும். இங்கேயும் அகலத்தின் கனம்தான், இந்தத் தடவை எதிராளியாக.

பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்க, நீருக்கடியில் விமான இறக்கை போன்ற துடுப்புகளும் இரண்டு பக்கமும் நீண்டிருக்கும். கப்பல் ஒரு பக்கம் சாயத் தொடங்கியதும் அந்தப் பக்கத்துத் துடுப்பு மேலே தள்ளும்படி திரும்பும். வேகம் இருந்தால்தான் அதற்குப் பலம், நின்றுவிட்டால் வெறும் பலகை. துறைமுகத்துக்குள் மடித்து உள்ளே இழுத்துக்கொள்வார்கள்.

அதற்கு மேலும் குமட்டுகிறது என்பவர்களுக்கு: ஐந்து விநாடிக்கு ஒருமுறை மேலும் கீழும் போய் வருவதுதான் மனிதருக்கு ரொம்ப ஆகாது. கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளத்தில் இருக்கும் அறையில் இந்த ஏற்ற இறக்கம் குறைவு, பெரும்பாலும் விலையும் குறைவு. சிங்கப்பூரிலிருந்து மலாக்கா நீரிணை வழியாகப் போகிறீர்கள் என்றால் அதுகூடத் தேவைப்படாது, ஒரு பக்கம் சுமத்ரா, மறுபக்கம் மலேசியத் தீபகற்பம் நின்று பெரிய அலையை உள்ளே விடுவதில்லை. நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் புயலும் அபூர்வம், 2001 டிசம்பரில் சிங்கப்பூர் அருகே உருவான 'வாமே' போல எப்போதாவதுதான். டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவக்காற்று அடிக்கும்போது தென்சீனக் கடல் பக்கம் போகும் கப்பல் என்றால் மட்டும், பால்கனி அறைக்குக் கொடுக்கும் பணத்தை மிச்சம் பிடித்து நடுவில் ஒரு அறை கேளுங்கள்.