கண்ணாடியை நம்பிக் கணக்கைத் தொலைத்தவர்கள்

திங்கட்கிழமை காலையிலேயே போன். திருகோணமலை நிலாவெளிப் பக்கம் ஒரு விடுதி. புக்கிங், பில், சம்பளம் எல்லாம் ஒரு லினக்ஸ் சேர்வரில். வெள்ளிக்கிழமை யாரோ கணக்கு ஃபோல்டரை அழித்துவிட்டார்களாம். முதலாளி பதறவே இல்லை. "ராவிலே தானா பேக்கப் போகுதுதானே தம்பி, அதிலேருந்து எடுத்துத் தாங்கோ."

போய்ப் பார்த்தால் கிரானில் (குறித்த நேரத்தில் வேலையைத் தானாக ஓட்டும் லினக்ஸ் வசதி) தினமும் இரவு 2 மணிக்கு ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி, டெலீட் சுவிட்சோடு. மூலத்தில் இல்லாததை நகலிலும் அழி என்பதுதான் அதற்குப் பொருள். அதுவும் சொன்னபடி அழித்திருந்தது. இந்த வருடம் எனக்கு இது மூன்றாவது கேஸ், அதனால் கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன்.

அது பேக்கப் இல்லை ஐயா, கண்ணாடி. நீங்கள் மீசையை மழித்தால் கண்ணாடிக்குள் மட்டும் மீசை இருக்குமா? ரெயிட் (ஒரே டேட்டாவை இரண்டு டிஸ்க்கில் சேர்த்து எழுதும் முறை) போட்டிருக்கிறோம் என்பவர்களுக்கும் இதே பதில்தான்: ஒரு டிஸ்க் செத்தால் ரெயிட் காப்பாற்றும், தவறி அழித்ததை இரண்டு டிஸ்க்கிலும் அதே நொடியில் அழிக்கும். டெலீட் சுவிட்சை எடுத்துவிட்டால் போதுமா என்றால் அதுவும் இல்லை, கெட்டுப்போன பைல் நல்ல பைலின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும். நேற்றையது, போன கிழமையது, போன மாதத்தது என்று தனித்தனியாக இருக்க வேண்டும். இடம் போதாது என்று சொல்லாதீர்கள், ஆர்சிங்கிலேயே --link-dest என்ற சுவிட்ச் இருக்கிறது, மாறாத பைல்களை மறுபடி நகலெடுக்காமல், பழைய நகலையே காட்டும் இன்னொரு பெயரை (ஹார்ட் லிங்க்) மட்டும் போடும்.

ஓடிக்கொண்டிருக்கும் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸின் ஃபோல்டரை அப்படியே கொப்பி பண்ணாதீர்கள். டேட்டாபேஸை ஒரு பைலாக வெளியே எடுத்துத் தரும் (அதைத்தான் டம்ப் என்பார்கள்) மைஎஸ்கியூஎல்டம்ப் எதற்கு இருக்கிறது? மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபி வகை டேபிள் என்றால் --single-transaction சுவிட்சோடு எடுங்கள். அப்புறம், பைல் பெயரில் தேதி வர வேண்டுமென்று கிரான் வரியில் சதவீதக் குறியை அப்படியே போடுகிறவர்களே, கிரான் அதைப் புதிய வரி என்று எடுத்துக்கொள்ளும், முன்னால் ஒரு பின்சாய்கோடு போடுங்கள். இதற்காக நானே ஒரு இரவு முழித்திருக்கிறேன்.

வெளி டிஸ்க் மவுண்ட் ஆகி சேர்வரோடு இணைந்திருக்கிறதா என்று ஸ்கிரிப்ட் முதலில் பார்க்கட்டும். ஒரு நகல் ஊருக்கு வெளியே போகட்டும், 2004 சுனாமியைப் பார்த்த கரையில் இருந்துகொண்டு இரண்டு டிஸ்க்கையும் ஒரே மேசையில் வைக்கலாமா?

புரோகிராம் கோடுகளைச் சேமித்து வைக்கும் சேவை நடத்தும் கிட்லாப் காரர்களுக்கே 2017 ஜனவரியில் சறுக்கியது. டேட்டாபேஸ் தவறுதலாக அழிந்த பிறகுதான் டம்ப் ஓடவே இல்லை என்று தெரிந்தது, வெர்ஷன் பொருந்தவில்லை, எச்சரிக்கை மின்னஞ்சலும் போய்ச் சேரவில்லை. ஆகவே தயவுசெய்து, மாதம் ஒரு தடவை ஒரு ஃபோல்டரை வேறு மெஷினில் ரீஸ்டோர் பண்ணித் திறந்து பாருங்கள், அரை மணித்தியாலம்கூட ஆகாது.

நிலாவெளியில் இப்போது பழைய பில் புத்தகங்களை விரித்து வைத்து, இரண்டு பிள்ளைகள் கையால் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். மார்ச் வரை வந்துவிட்டதாம்.