மலிவான சொல்லுக்கே அதிகப் பொருள்: பிரிட்ஜ் ஏலமும் மாத்திரைக் கணக்கும்

பிரிட்ஜ் சீட்டாட்டப் போட்டி ஒன்றை இணையத்தில் பார்த்த வாசகர் ஒருவர், அங்கே நடந்த ஏலத்தைக் குறித்தனுப்பி ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். முதலாமவர் "1 கிளாவர்" என்றார்; எதிரே அமர்ந்த கூட்டாளி "1 ஆர்ட்டின்" என்றார்; உடனே முதலாமவர் "1 இஸ்பேட்" என்றார். அவர் கையில் இருந்ததோ ஒரே ஒரு இஸ்பேட். கூட்டாளி துளியும் குழம்பாமல் அடுத்த ஏலத்தைக் கூறினார். இது முன்பே பேசிவைத்துக்கொண்ட கள்ளக் குறி அல்லவா, இதை எப்படி அனுமதிக்கிறார்கள் என்பது கேள்வி.

முன்பே பேசிவைத்துக்கொண்டது என்பது உண்மை. கள்ளம் என்பதுதான் பொருந்தாது. ஏலச்சொல் ஒன்றுக்கு அதன் நேர்ப்பொருளுக்குத் தொடர்பே இல்லாத வேறொரு பொருளைக் கூட்டாளிகள் வைத்துக்கொள்வதைப் பிரிட்ஜ் விதிகள் ஏற்கின்றன. ஆனால் அந்தப் பொருள் எதிரணிக்கும் திறந்ததாக இருக்க வேண்டும், கேட்டால் மறைக்காமல் விளக்க வேண்டும். குரலின் ஏற்ற இறக்கத்தாலோ கண் சாடையாலோ சொல்வதுதான் கள்ளம். ஆகவே ஏல முறை ஒன்றை வடிவமைப்பவர், நான்கு பேருக்கும் தெரிந்த அகராதியோடு ஒரு சிறு மொழியை உருவாக்குகிறார் என்று கொள்ளலாம். அந்த மொழிக்கு ஒரு விசித்திரமான கட்டுப்பாடு உண்டு: அதில் ஒருமுறை சொன்ன சொல்லை மறுபடி சொல்ல முடியாது, அதற்குக் கீழே உள்ள சொற்களையும் பிறகு பயன்படுத்த முடியாது.

ஆட்டத்தின் அடிப்படையை விரைந்து சொல்லிவிடுகிறேன். 28 அல்லது 304 சீட்டாட்டம் ஆடியவர்களுக்கு ஏலமும் துருப்பும் புதியவை அல்ல. நான்கு பேர், ஆளுக்கு 13 சீட்டு, மொத்தம் 13 பிடி (நால்வரும் ஆளுக்கு ஒரு சீட்டு இறக்கும் சுற்று ஒரு பிடி). ஏலத்தில் கூறும் எண்ணோடு ஆறைக் கூட்டினால், எத்தனை பிடி எடுப்பதாக ஒப்புக்கொள்கிறோம் என்பது கிடைக்கும். கிளாவர், டைமன், ஆர்ட்டின், இஸ்பேட், துருப்பில்லை என்ற ஏறுவரிசையில் ஐந்து வகை. ஒவ்வொன்றிலும் 1 முதல் 7 வரை. ஆக 35 ஏலச்சொற்கள். இவற்றோடு பாஸ் (ஏலம் கூறாமல் விடுவது), டபுள் (எதிரணி ஏலத்தின் பந்தயத்தைக் கூட்டுவது), ரீடபுள் (அதை மேலும் கூட்டுவது) என்ற மூன்றும் உண்டு. அமெரிக்கரான ஹரால்ட் வாண்டர்பில்ட் 1925-இல் ஒரு கப்பற்பயணத்தின்போது வகுத்த மதிப்பெண் முறையில், எடுத்த பிடிகளுக்கு அல்லாமல் ஒப்புக்கொண்டு எடுத்த பிடிகளுக்குத்தான் பெரிய வெகுமதி. 3 துருப்பில்லை, 4 ஆர்ட்டின், 4 இஸ்பேட் போன்ற எல்லைகளைத் தொட்டால் ஒரு வெகுமதி, 12 அல்லது 13 பிடிகளை ஒப்புக்கொண்டால் இன்னும் பெரியது. ஒப்புக்கொண்டு தவறினால் தண்டம். எனவே கூட்டாளிகள் இருவரும் ஒருவர் கையை மற்றவர் அறிந்துகொண்டு, எட்டக்கூடிய எல்லையில் சரியாக நின்றுவிட வேண்டும். படியேறிக்கொண்டேதான் பேச முடியும் என்பதால், அதிகம் பேசினால் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிவிடுவார்கள்.

ஒருவருக்குக் கிடைக்கக்கூடிய 13 சீட்டுக் கைகள் மொத்தம் 63,501 கோடியே 35 லட்சத்து 59 ஆயிரத்து 600. இவற்றை 35 சொற்களால் விவரிக்க முடியாது என்பதால் சுருக்கம் தேவைப்படுகிறது. ஆஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 என்று புள்ளியிட்டுக் கையின் வலிமையை ஓர் எண்ணாக்குவது முதற்சுருக்கம். நான்கு வகையிலும் எத்தனை எத்தனை சீட்டு என்ற அமைப்பை மட்டும் கவனிப்பது இரண்டாவது. அப்படிப் பார்த்தால் 13-ஐ நான்கு வகைகளுக்குப் பங்கிடும் வழிகள் 560 மட்டுமே. 560 என்பது மனிதர் கையாளக்கூடிய எண்தான். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பவும் வருவோம்.

இஸ்பேட் நிறைய இருந்தால் இஸ்பேட் என்று சொல்வதே இயல்பான ஏல முறை. இதற்கு மாறாக, மிகத் தாழ்ந்த ஏலமான 1 கிளாவரை, கையில் கிளாவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், "என் கை வலுவானது" என்பதற்கு ஒதுக்கிவைக்கும் எண்ணத்தை முன்வைத்தவரும் வாண்டர்பில்ட்தான். 1957 முதல் உலகப் பட்டங்களைக் குவித்த இத்தாலியின் நீல அணி இவ்வகை முறைகளைப் பயன்படுத்தியது. ஷாங்காயில் பிறந்த சி. சி. வே வடிவமைத்த பிரிசிஷன் முறையைக் கொண்டு, யாரும் எதிர்பாராத தைவான் அணி 1969-இல் உலகப் போட்டியின் இறுதிவரை சென்றது. பிரிசிஷனில் 1 கிளாவர் என்பதற்கு 16 புள்ளியோ அதற்கு மேலோ என்று பொருள். அப்படிப்பட்ட கை ஏறக்குறைய பத்தில் ஒருமுறைதான் வரும்.

என்னை மயக்கிய பகுதி இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. வலுவான கையை வைத்திருப்பவர் தன்னைப் பற்றி மேற்கொண்டு எதுவும் சொல்லாமல், கூட்டாளியைக் கேட்டுக்கொண்டே போகட்டும் என்று வைத்துக்கொள்வோம். "மேலே சொல்" என்பதற்கு அவர் எப்போதும் அந்த நேரத்தில் கிடைக்கும் மிகத் தாழ்ந்த ஏலத்தையே பயன்படுத்துவார். இதற்கு ரிலே என்று பெயர். வாசகர் கண்ட 1 இஸ்பேட் இதுதான். 1 ஆர்ட்டினுக்கு அடுத்த படி 1 இஸ்பேட். அது இஸ்பேடைக் குறிக்கவில்லை, அது ஒரு வினாக்குறி.

ரிலேயில் எத்தனை வகைக் கைகளைப் பிரித்துச் சொல்லலாம் என்று எண்ணிப் பார்ப்போம். விடை சொல்பவருக்கு எதிரே ஒரே ஒரு படி மிச்சம் இருந்தால் அவர் ஒரு வகையைத்தான் சொல்ல முடியும். இரண்டு படி இருந்தால் இரண்டு வகை. மூன்று படி இருந்தால், முதற்படியில் விடை சொல்லலாம், இரண்டாவதை வினா எடுத்துக்கொள்ளும், மூன்றாவதில் முடிவு வரும். அல்லது நேராக இரண்டாம் படியிலோ மூன்றாம் படியிலோ விடை சொல்லலாம். ஆக மூன்று வகை. நான்கு படி இருந்தால் கணக்கு சுவையாகிறது. முதற்படியில் விடை, அடுத்ததில் வினா, அதற்குமேல் இரண்டு படி மிச்சம் என்பதால் அங்கே இரண்டு வகைகளைப் பிரிக்கலாம், மற்ற மூன்று படிகளும் ஆளுக்கு ஒன்று, மொத்தம் ஐந்து. ஐந்து படிக்கு எட்டு. 1, 2, 3, 5, 8 என்று வரிசை தன் முகத்தைக் காட்டிவிட்டது. முந்தைய இரண்டையும் கூட்டினால் அடுத்தது வரும் இது, ஃபிபோனாச்சி வரிசை.

ஏன் இப்படி அமைகிறது என்பதற்கு நம் பள்ளி இலக்கணமே விளக்கம் தருகிறது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்று படித்திருக்கிறோம். நான்கு மாத்திரை அளவுள்ள ஓர் இடத்தைக் குறிலாலும் நெடிலாலும் எத்தனை விதமாக நிரப்பலாம்? நான்கு குறில் ஒரு விதம்; இரண்டு நெடில் ஒரு விதம்; ஒரு நெடிலும் இரண்டு குறிலும் மூன்று விதம்; ஆக ஐந்து. ஏலப் படிக்கட்டிலும் இதே கணக்குதான் நடக்கிறது. விடை சொல்பவர் ஒரு படியில் கால் வைக்காமல் தாண்டினால் அது ஒரு மாத்திரைச் செலவு, குறில். கால் வைத்தால், அந்தப் படியோடு வினாவுக்கான அடுத்த படியும் போகும். அது இரண்டு மாத்திரை, நெடில். இத்தாலியர் ஃபிபோனாச்சி 1202-இல் முயல்களை எண்ணுவதற்கு முன்பே, வடமொழி யாப்பில் மாத்திரைகளை எண்ணிய விரகாங்கரும் ஹேமச்சந்திரரும் இந்த வரிசையைக் கண்டிருந்தார்கள். செய்யுளில் ஓசையை அளந்த கணக்கும் சீட்டாட்டத்தில் வார்த்தையை அளக்கும் கணக்கும் ஒன்றாக இருப்பதை முதன்முதலாக உணர்ந்த அன்று எனக்கு இரவு உறக்கம் வரவில்லை.

வடிவமைப்பவருக்கு இந்தக் கணக்கு ஒரு கறாரான கட்டளையை இடுகிறது. ஏழு படிகளில் 21 வகைகளைச் சொல்லலாம். ஆனால் அவற்றை ஏழுக்கும் சமமாக, படிக்கு மூன்றாகப் பங்கிட்டால் முறை உடைந்துபோகும். முதற்படியில் 8, இரண்டாவதில் 5, மூன்றாவதில் 3, நான்காவதில் 2, கடைசி மூன்றில் ஒவ்வொன்று என்றுதான் வைக்க வேண்டும். மலிவான சொல்லுக்குப் பின்னால் மேலும் பேச நிறைய இடம் இருப்பதால், அதில் மங்கலான, பலவற்றைக் குறிக்கும் பொருளை ஏற்ற வேண்டும். விலையுயர்ந்த சொல்லுக்குப் பின்னால் இடமே இல்லை என்பதால், அதில் ஒன்றே ஒன்றைத் துல்லியமாகக் குறிக்கும் பொருளை வைக்க வேண்டும். புதிதாக முறை அமைப்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் வழுக்குகிறார்கள். அழகான துல்லியப் பொருள் ஒன்றை 1 டைமனுக்குக் கொடுத்துவிட்டு, மேலே இடம் போதவில்லை என்று தவிப்பார்கள்.

இப்போது 560-க்கு வருவோம். 1 கிளாவருக்கு விடையாக 1 டைமனில் தொடங்கி 3 துருப்பில்லை வரை 14 படிகள். வரிசையின் 14-ஆவது எண் 610. வலுவான கைக்கு எதிரே இருப்பவர் தன் 560 அமைப்புகளில் எது என்பதை 3 துருப்பில்லைக்குள் முழுமையாகச் சொல்லிவிட, கொள்கையளவில் இடம் இருக்கிறது, 50 மிச்சமும் இருக்கிறது! நடைமுறையில் 1 டைமனைப் பலவீனமான கைக்கு ஒதுக்கிவிடுவது வழக்கம். அப்போது எஞ்சுவது 377. எனவே ஒரே வகையில் எட்டுச் சீட்டு குவிவது போன்ற அரிய அமைப்புகளை 3 துருப்பில்லைக்கு மேலே தள்ளிவிடுகிறார்கள்.

அமைப்புகளை இப்படிப் படிகளுக்குள் அடக்கியவர்களில் ஒருவர் நியூசிலாந்துக் கணிதவியலாளர் ராய் கெர். சுழலும் கருந்துளைக்கு ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளிலிருந்து 1963-இல் துல்லியத் தீர்வு கண்ட அதே கெர்தான். 1970-களில் தம் நாட்டுக்காகப் பிரிட்ஜ் ஆடியவர். சமச்சீர் ரிலே என்ற முறையின் ஆசிரியர்களில் அவரும் ஒருவர். நூற்றுக்கணக்கான விடைகளை மனப்பாடம் செய்வது யாருக்கும் கடினம் என்பதால், நீண்ட வகை இஸ்பேடாக இருந்தாலும் டைமனாக இருந்தாலும், ஒரே அமைப்பு ஒரே வரிசையில் வெளிப்படும்படி அந்த முறை அட்டவணையை மடித்துவைக்கிறது. ஒன்றைக் கற்றால் மற்றவையும் வந்துவிடும். அமைப்பு முழுதும் தெரிந்த பின், ஆஸுக்கு 2, ராஜாவுக்கு 1 என்ற வேறொரு அளவையில் உயர்சீட்டுகளைக் கேட்கிறார்கள். கேட்டவர் தன் கையைப் பற்றி ஏறக்குறைய எதையும் வெளியிடாமல், எதிர்க்கையைக் கண்ணாடிபோல் பார்த்துவிடுகிறார்.

இவ்வளவு அழகான முறையை எல்லோரும் ஆடாததற்குக் காரணம், மேசையில் மற்றும் இருவர் இருக்கிறார்கள் என்பதே. 1 கிளாவர் என்றதும் எதிரணிக்காரர், கையில் பெரிதாக எதுவும் இல்லாமலே, ஆறு இஸ்பேடை வைத்துக்கொண்டு 2 இஸ்பேட் என்று குறுக்கிட்டால் என்ன ஆகும்? 1 டைமன் முதல் 2 இஸ்பேட் வரை எட்டுப் படிகள் ஒரேயடியாகப் போய்விட்டன. மிச்சம் 2 துருப்பில்லை முதல் 3 துருப்பில்லை வரை ஆறு. பாஸ், டபுள் என்ற இரண்டும் இப்போது விடைகளாகப் பயன்படுவதால் எட்டு. வரிசையின் எட்டாவது எண் 34. ஒரே சொல்லில் 610 என்பது 34 ஆகச் சுருங்கிவிட்டது. படிகள் பதினான்கிலிருந்து எட்டாகக் குறைந்தன என்று சொல்வதைவிட, மொழியின் பதினெட்டில் பதினேழு பங்கு அழிந்தது என்பதே சரியான அளவு.

இழப்பு இப்படி மடங்குகளில் நிகழ்கிறது என்றால், ஒரு படியை மிச்சம் பிடிப்பதன் ஆதாயமும் மடங்கில்தான் வரும். ஒவ்வொரு கூடுதல் படிக்கும் ஏறக்குறைய 1.618 மடங்கு. வலுவான கைக்கு 1 கிளாவரைச் செலவிடாமல் வெறும் பாஸையே வைத்துக்கொண்டால் என்ன என்று போலந்து, நியூசிலாந்து, ஆஸ்திரேலிய ஆட்டக்காரர்கள் துணிந்து யோசித்தார்கள். அப்போது விடைக்கு 15 படிகள், 987 வகைகள். ஆனால் வலுவான கைக்குப் பாஸ் என்றால், எதுவுமே இல்லாத கையோடு ஏதாவது ஏலம் கூறியே ஆக வேண்டும். அந்தப் பரிதாபமான ஏலத்துக்கு அவர்கள் வைத்த செல்லப்பெயருக்கு உரம் என்று பொருள். எதிரணியினர் இதற்குத் தற்காப்பு அமைக்கத் திணறியதால், உலக பிரிட்ஜ் கூட்டமைப்பு இத்தகைய முறைகளைத் தனி வகையாகப் பிரித்து, பெரும்பாலான போட்டிகளில் விலக்கிவைத்திருக்கிறது. சாதாரண ஆட்டக்காரரின் ஞாயிற்றுக்கிழமையைக் காப்பதற்கு அந்த விலக்கு நியாயம் என்பேன். உயர்மட்டப் போட்டிகளிலும் அது இவ்வளவு இறுக்கமாக இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

பேசுவதற்கான இடமும் அதை அழிக்கும் எதிரியும் சேர்ந்த இந்தச் சிக்கல் கணினிக்கும் எளிதில் வசப்படவில்லை. 2022 மார்ச்சில் பாரிஸில் நூக் என்ற செயற்கை நுண்ணறிவு எட்டு உலகச் சாம்பியன்களை வென்றது என்று செய்தி வந்தது. அந்தப் போட்டியில் ஏலப் பகுதியையே நீக்கிவிட்டு, சீட்டு இறக்கும் பகுதியை மட்டும் வைத்திருந்தார்கள். சதுரங்கத்துக்கும் கோ ஆட்டத்துக்கும் கொட்டிய ஆராய்ச்சிப் பணத்தில் ஒரு சிறு பங்கை, கூட்டாளியோடு பேசிப் புரிந்துகொள்ள வேண்டிய இந்த ஆட்டத்துக்குச் செலவிட்டால் கிடைக்கும் அறிவு பெரிது என்பது என் கருத்து. 2018-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பிரணாப் பர்தனும் சிப்நாத் சர்க்காரும் இந்தியாவுக்குத் தங்கம் வென்றபோதுகூட, "சீட்டாட்டத்துக்குப் பதக்கமா, எல்லாம் கைராசி" என்று சிரித்தவர்கள் உண்டு; அதே சீட்டுகளை எல்லா மேசைகளிலும் ஆடவைத்து ஒப்பிடும் போட்டியில் ராசிக்கு என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை.

வாசகர் அனுப்பிய ஏலத்தை மறுபடி பார்த்தேன். 1 கிளாவர், 1 ஆர்ட்டின், 1 இஸ்பேட் ஆகிய மூன்றுக்கும் இடையில் எதிரணியினர் இருவரும் பாஸ் சொல்லியே இருந்திருக்கிறார்கள். 1 கிளாவருக்கு அடுத்து அவர்களில் ஒருவர் தைரியமாக 2 இஸ்பேட் என்றிருந்தால், அந்த வினாக்குறியைக் கேட்கவே இடம் இருந்திருக்காது.